கரையாத எட்டணா

— “செத்துப்போன ராஜா தலையைச் சேத்து வெச்சு என்ன பண்ணப் போறே”ன்னு கேட்டது நீங்கதானே அத்தா? இப்ப எதுக்கு என் ஸ்டாம்ப் டப்பாவைத் தொறந்தீங்க?

— கேட்டேன் கண்ணு, இல்லேங்கல. இன்னிக்குப் பாப்பாரப்பட்டி ஜெராக்ஸ் கடை பூபதி சாரு வர்றாரே. அவரோட பிரெஞ்சுக்காரன் ஸ்டாம்ப்பைக் குடுத்து, உன் இங்கிலீஷ்காரன் ஸ்டாம்ப்பை மாத்திக்கப் போறாரே. அது ஒட்டியிருக்கற அழுக்குப் பத்திரத் துண்டோட நீட்டுனா நல்லாவா இருக்கும்?

— அதனால?

— போன வாரம் நீ லெட்டர் ஸ்டாம்ப்பை ஊறப்போட்டு உரிச்சியே. அதே மாதிரி வெதுவெதுன்னு தண்ணியில போட்டேன். இந்தா, பாரு.

— அத்தா… ராஜா எங்க?

— அவரு அழுக்கோட போயிட்டாரு. போனாப் போறாரு, வுடு. நாலணாவுக்கு மேல கறுப்பா எட்டணான்னு அடிச்சிருந்தான்ல, அது அப்படியே நிக்குது பாரு! அதுலதானே மதிப்பே இருக்குன்னு நீ சொன்னே?

— …சொன்னேன் அத்தா.

— இரும்புக் கடையை மூடிட்டு உக்காந்து பண்ணேன். பள்ளிக்கூடம்தான் நின்னுபோச்சு, இதாச்சும் உனக்கு நல்லா நடக்கட்டும்னு. சரியாப் பண்ணிருக்கேனா?

— ம்… சரியாப் பண்ணிருக்கீங்க.

— பாய்! உள்ள வரலாங்களா?

— வாங்க பூபதி சார், வாங்க! பஸ்ஸுல கூட்டமா? பொண்ணுகிட்டப் பேசிட்டிருங்க, நான் டீ கொண்டாரேன்.

— எங்கம்மா உமைரா நம்ம எட்டணா? ராத்திரி தூக்கமே புடிக்கல போ.

— சார், அத்தா வர்றதுக்குள்ள கேட்டுக்குங்க. அது வீணாப் போச்சுங்க. ரெவின்யூ ஸ்டாம்ப்புல போட்ட கையெழுத்தைக் கழுவிட்டு மறுபடி ஒட்டிரக்கூடாதுன்னு, அந்தக் காலத்துலயே ராஜா படத்தைத் தண்ணி பட்டா கரையுற மையிலதான் அடிச்சிருக்காங்க. எனக்குத் தெரியும், அத்தாவுக்குத் தெரியாது. எனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு தண்ணியில போட்டுட்டாரு. நீங்க மாத்திக்க வேணாம் சார். வேற எதாச்சும் சாக்குச் சொல்லிருங்க. அவரு முன்னாடி மட்டும் இது கெட்டுப்போச்சுன்னு சொல்லிராதீங்க.

— அட அம்மணி! இத்தனை நாள் வந்து போறேன், “ஆமாங்க, இல்லைங்க”வைத் தாண்டி நீ பேசி இன்னிக்குத்தான் கேக்கறேன்.

— சார், அத்தா வர்றாரு.

— இந்தாங்க டீ. என்ன சார், பாத்தீங்களா? எப்படி நம்ம கைவேலை? உமைரா சொல்லிக்குடுத்ததுதான், ஆனா பஞ்சு வெச்சுத் தொடைச்சது என் சொந்த ரோசனை. …ஏன் சார் பேச மாட்டேங்கறீங்க? டீயைக் குடிங்க. சார்? அட, எந்திரிச்சுட்டாரே! ஏ உமைரா, பிரெஞ்சுக்காரனை மேசைமேல வெச்சுட்டு, நம்மளதை மடிச்ச காயிதத்துக்குள்ள வெச்சு மேல்ஜோப்புல போட்டுக்கிட்டாரு… செருப்பையும் மாட்டிட்டாரு! பாரு கண்ணு, நாம மனசு மாறிருவோம்னு பயந்துக்கிட்டு வாயே தொறக்காம ஓடுறாரு பாரு!