ஏழாம் நம்பர் துணிக்குத் தங்கம்

ரஞ்சனி: அண்ணா... இதென்னங்க, மினுங்குது?

பாண்டியராஜ்: தங்கம் பூசுனா மினுங்காம? கல்யாணப் பொண்ணாட்டம் இருக்குதுல்ல உன்ற சாம்பிளு!

ரஞ்சனி: தங்கமா! கார்பன் பூசச் சொல்லி எழுதிக் குடுத்தேனேங்க...

பாண்டியராஜ்: அப்படியா... பத்து வருசமா இந்த லேபுல தேயிலைக்குத் தங்கந்தானம்மா பூசறேன். கை தானாப் போயிருச்சு.

ரஞ்சனி: இது தேயிலை இல்லைங்க. துணி.

பாண்டியராஜ்: துணியோ எலையோ, மேல கரண்டு ஓடறதுக்கு ஒரு பூச்சு வேணும். இல்லாட்டி மைக்ராஸ்கோப்புல வெள்ளையாப் பூத்துப் போயிரும். தங்கம்னா படம் அப்படியே...

ரஞ்சனி: படம் யாருக்குங்க வேணும்? அதுல பாஸ்பரஸ் இருக்குதான்னு பாக்கணும். தங்கமும் பாஸ்பரஸும் எக்ஸ்ரேயில ஒரே எடத்துலதான் தெரியும், ஒண்ணு இன்னொண்ண மறைச்சுரும். எனக்கு இதச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான!

பாண்டியராஜ்: ...தப்புத்தாம்மா. இன்னொரு துண்டு வெட்டிக் கொண்டா.

ரஞ்சனி: இல்லைங்க.

பாண்டியராஜ்: நகத்தளவு போதும்.

ரஞ்சனி: இருந்ததே அவ்வளவுதான். மிச்சத்த எரிச்சுட்டாங்க.

பாண்டியராஜ்: ஓ...

ரஞ்சனி: இந்த மழையில மூணு நாளு ஓவன்ல வெச்சு ஈரமில்லாம எடுத்தேன்... தங்கத்தக் கழுவி எடுக்க முடியாதுங்களா?

பாண்டியராஜ்: தங்கத்தக் கரைக்கற ஆசிட்டு துணியையும் தின்னுரும்மா.

ரஞ்சனி: போச்சுங்க... எல்லாம் போச்சு.

பாண்டியராஜ்: அழுவாத. ஒரு சாம்பிளுக்குப் போயி... உங்க கைடுகிட்ட நான் பேசறேன்.

ரஞ்சனி: அவருக்கே தெரியாதுங்க. அவருக்குன்னு செய்யல.

பாண்டியராஜ்: பின்ன யாருக்கு?

ரஞ்சனி: அத விடுங்க. இந்த நோட்டப் பாருங்க. மொதல்ல 'ஏழாம் நம்பர், கார்பன்'னு எழுதியிருக்கீங்க. அப்பறம் அத அடிச்சுட்டுத் 'தங்கம்'.

பாண்டியராஜ்: அது... சும்மா...

ரஞ்சனி: கை தானாப் போச்சுன்னீங்க. அடிச்சு எழுதுனதும் கை தானாவா?

பாண்டியராஜ்: கரண்டு போயிட்டுப் போயிட்டு வந்துச்சும்மா, அந்தக் கொழப்பத்துல...

ரஞ்சனி: பொய் சொல்லாதீங்கண்ணா. உங்கள எவ்வளவு நம்புனேன்... அது எங்கப்பா மொகத்துல கட்டியிருந்த கைக்குட்டைங்க. ஓவேலி எஸ்டேட்டுல தடை பண்ணுன பூச்சி மருந்த, பாஸ்பரஸ் இருக்கறத, அடிக்க வெச்சாங்க. சாயங்காலமே வாயில நொரை தள்ளிருச்சு. மாரடைப்புன்னு எழுதி முடிச்சுட்டாங்க. இல்லைன்னு காட்ட எனக்கு இந்த ஒரு துண்டுதான் இருந்துச்சு. சொல்லுங்க... எஸ்டேட்டுக்காரங்க உங்ககிட்ட வந்தாங்களா?

பாண்டியராஜ்: யாரும் வரல. நீ செல்லையா மகள்னு மொத நாளே தெரியும் எனக்கு... அன்னிக்கு உங்கப்பாவத் தோள்ல போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனானே ஒரு பையன்... காலையில அந்த மருந்தக் கலக்கிக் குடுத்தவனும் அவந்தாம்மா. என்ற மகன்.