மூன்றாவது சுற்றுக்கு வைத்திருந்த பையன்

இடது காலால் பந்தடிக்கிற பையன் கிடைப்பது லேசில்லை, தம்பி. பத்துப் பேரில் ஒருத்தன் இருப்பான். அவனையும் பள்ளிக்கூடத்தில் யாராவது மிரட்டி வலது காலுக்கு மாற்றி வைத்திருப்பார்கள். உட்காருங்கள். மாவ்பியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பீர்கள். லபெயே டீ சொல்லியிருக்கிறேன், சீனி குறைத்து.

உங்கள் மடியில் இருக்கிற காகிதத்தில் உள்ள கையெழுத்து என்னுடையதுதான். இனாயத்துல்லா என்று தமிழிலும் பர்மா எழுத்திலும் சேர்த்துப் போடுகிறவன் இன்சீனில் நான் ஒருவன்தான். அதனால் அதைப் பற்றி வழக்காட வேண்டியதில்லை. கடை வாசலிலேயே கேட்டீர்கள், “ஏன் காக்கா இப்படிப் பண்ணுனீங்க?” என்று. ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் பந்தாட்டம் தெரியாதவருக்கு அது புரியாது.

நார்த் ஸ்டார் கிளப்பை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மஞ்சள் சட்டை. கிளப் ஆரம்பித்த நாள் முதல் பதினாறு வருஷமாக நான் அதன் ரசிகன். மழையில் நனைந்து பார்த்திருக்கிறேன், காய்ச்சலோடு பார்த்திருக்கிறேன், ஐந்து கோல் வாங்கியதையும் எழுந்து போகாமல் பார்த்திருக்கிறேன். சும்மா கத்திவிட்டு வருகிற ஆள் இல்லை நான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் பார்த்தவன். எந்தச் சாமான் எங்கே கிடக்கிறது, எது தேயப் போகிறது, அதற்கு மாற்று எது என்று யோசித்தே பழகியவன். கிளப்புக்கும் அப்படியே யோசித்தேன்.

வருஷத்துக்கு ஒரு நோட்டு. அட்டையில் ‘ஆள் எடுப்பு’ என்று எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை சுற்று ரயிலில் ஏறி, எங்கே பையன்கள் பந்தடிக்கிறார்களோ அங்கே இறங்கிக்கொள்வேன். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பக்கம். எந்தக் கால், எவ்வளவு உயரம், எத்தனை நிமிஷம் மூச்சுத் தாங்கும், தோற்கும்போது முகம் எப்படிப் போகும், வீட்டில் யார் யார், எங்கே தூங்குவான், எத்தனை மணிக்கு மைதானத்துக்குக் கிளம்புவான். ஆளை முழுசாகத் தெரியாமல் எடுக்கக் கூடாது. சீசன் முடிந்ததும் நோட்டை அமீர் அலியிடம் கொடுப்பேன். கிளப் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிறானே, அவன்தான். என்னோடு குர்ஆன் ஓதும் பள்ளியில் ஒரே பாயில் உட்கார்ந்தவன்.

“வச்சிட்டுப் போ இனாயத்து, கோச்சு பாத்துக்குவாரு” என்பான். வைத்துவிட்டு வருவேன்.

உங்கள் மருமகன் ரிஹானை அவன் ஒன்பது வயதில் நான்தான் கண்டுபிடித்தேன். உங்கள் அக்கா சைதா என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. வாப்பா இல்லாத பிள்ளை. சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். எல்லா உதையும் இடது கால். அன்றே அவனுக்கு ஒரு பக்கம் போட்டேன். பத்து வருஷத்தில் அது பதினான்கு பக்கம் ஆனது. முட்டியில் தையல் போட்டபோது ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டவன் நான்தான். “மாமா, வலிக்குது” என்று என்னிடம்தான் அழுதான். எனக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இதற்கிடையில் இந்த வரிசைக்கு என்னைப் பத்து வீட்டுக்காரர் ஆக்கினார்கள். பத்து வீட்டிலும் யார் இருக்கிறார், யார் போனார் என்று வட்டார ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. வேண்டாம் என்றுதான் சொன்னேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என் தலையில் கட்டினார்கள். பிறகு பட்டாளத்துக்குக் கட்டாய ஆள் எடுப்பு வந்தது. நம் தமிழில் அதற்கும் அதே வார்த்தைதான், கவனித்திருப்பீர்கள்.

முதல் பட்டியலிலேயே ரிஹான் பெயர் வந்தது. தாயைப் பார்க்க வேறு ஆள் இல்லாத ஒற்றைப் பிள்ளை, தாயோடு ஒரே வீட்டில் இருக்கிறான் என்று பத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால் பட்டாளத்துக்குப் போவதைத் தள்ளிப்போடத் தவணை கிடைக்கும். எழுதிக் கொடுத்தேன். சைதா வாசலில் நின்று அழுதாள்.

“காக்கா, இந்தக் கையெழுத்துக்கு நான் என்னத்தச் செய்யப் போறேன்?”

“ஒன்னும் செய்ய வேணாம். அவன் மஞ்சச் சட்ட போட்டா அது போதும்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

போன வருஷம் லீக்கில் புது முறை கொண்டுவந்தார்கள். இளைஞர் போட்டியில் ஆடிய பையன்களைக் கிளப்புகள் வரிசைப்படி, சுற்றுச் சுற்றாக எடுக்க வேண்டும். கடைசி இடத்தில் இருக்கிற கிளப்புக்கு முதல் எடுப்பு. நாங்கள்தான் கடைசி. எனக்கு ஒரு மாதம் தூக்கம் இல்லை, சந்தோஷத்தில். முதல் சுற்றில் எல்லோர் கண்ணும் மாண்டலேயிலிருந்து வந்த, கோல் அடிக்கிற பையன் மேல் இருக்கும். அவன் ஆட்டம் பார்வைக்கு அழகு, ஆனால் முதுகில் பழைய அடி இருக்கிறது. அவனை விட்டுவிட்டு நெட்டையான தடுப்பாட்டக்காரனை எடுக்க வேண்டும். இரண்டாவதில் கோல்கீப்பர். மூன்றாவதில் ரிஹான், அவனிடம் மட்டும் இதைச் சொல்லி வைத்தேன். அதுவரை ரிஹானை யாரும் எடுத்துவிடக் கூடாது. ஆகவே வேறு யாருக்கும் தெரியக் கூடாது.

தேர்வு ஆட்டத்துக்கு முதல் நாள் அவனைக் கூப்பிட்டு, இடது காலால் பந்தைத் தொடாதே என்றேன்.

“எல்லாரும் பாக்கறப்ப நான் மோசமா ஆடணுமா மாமா?”

“ஒரே ஒரு நாளு. நம்ம கிளப்புக்காக.”

“கிளப்புல இது தெரியுமா?”

“எல்லாம் நோட்டுல இருக்கு.”

மறுநாள் சொன்னபடி ஆடினான். வலது காலால் உதைத்து இரண்டு முறை விழுந்தான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், எவண்டா இவனை ஆட விட்டது என்று. என் நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நாளில் அவன் மேல் இருந்த பிரியம் எனக்கு வேறு யார் மேலும் இருந்ததில்லை.

எடுப்பு நாளன்று இதே கடையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். முதல் சுற்றில் எங்கள் கிளப் மாண்டலேப் பையனை எடுத்தது. நான் எழுதினதற்கு நேர்மாறு. சரி, பெரியவர்கள் எதையோ யோசித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது சுற்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியின் என்கிற ஊரின் கிளப் ஆள் எழுந்து சீட்டைப் பிரித்துப் படித்தார். “ரிஹான். இன்சீன். இடது கால்.”

பெயரைக்கூட எங்காவது பார்த்திருக்கலாம். இடது கால் என்பதை எங்கே பார்த்தார்கள்? உலகத்தில் அந்தக் காலின் அருமை மூன்று பேருக்குத்தான் தெரியும். அவனுக்கு, எனக்கு, என் நோட்டுக்கு. பாலம் தாண்டிப் போய்த் தன்லியின் கோச்சுக்குத் தனியாக ஆடிக் காட்டியிருக்கிறான். எனக்குத் தெரியாமல்.

சாயங்காலம் இனிப்புப் பெட்டியோடு வந்தான்.

“எப்பப் போன?”

“போன மாசம் மாமா.”

“ஏன் என்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீங்க வருத்தப்படுவீங்க.”

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். நான் அதை வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன், தம்பி. நிஜமாகவே இங்கே, விலா எலும்புக்குக் கீழே வலித்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தெருவில் மஞ்சள் சட்டையைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொண்டேன். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு இனிப்புப் பெட்டி வேறு கொடுக்கிறான். அதை வாங்கி சைதா வீட்டிலேயே கொடுத்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, தவணை வாங்கிய பையன்களின் விவரத்தைத் திரும்பச் சரிபார்க்கச் சொல்லி வட்டார ஆபீசிலிருந்து தாள் வந்தது. நீங்கள் வைத்திருப்பது அந்தத் தாளின் நகல்தான். படித்துப் பாருங்கள், ஒரே ஒரு வரி. ‘மேற்படியார் இப்போது தாயோடு வசிக்கவில்லை, தன்லியினில் கிளப் விடுதியில் தங்கியிருக்கிறார்.’ இதில் பொய் எங்கே இருக்கிறது? தாயை விட்டுப் போனது அவன். விடுதிக்குப் போனது அவன். நான் எழுதினேன், அவ்வளவுதான்.

தாளைக் கொடுக்க ஆபீசுக்குப் போனபோது குமாஸ்தா, எந்த விடுதி என்று கேட்டார். சொன்னேன். எப்போது இருப்பான் என்றார். காலை ஆறு மணிக்குப் பயிற்சி, எட்டுக்கு முடியும் என்றேன். பிறகு கேட்காமலேயே ஒன்று சொன்னேன். முன்வாசலில் நிற்காதீர்கள், அங்கே நாய் கிடக்கும். சின்ன வயதில் கடி வாங்கியதால் இவன் நாய்க்குப் பயப்படுவான், பின்வாசல் வழியாகத்தான் வருவான். துரத்தினால் இடது பக்கமாகத்தான் திரும்புவான், அந்தப் பக்கம் ஒரு ஆளை நிறுத்தினால் போதும். குமாஸ்தா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதினதை எனக்கே ஒரு தடவை படித்துக் காட்டினார். இவ்வளவு துல்லியமாக யாரும் விவரம் கொடுப்பதில்லை, ஸயா, அதாவது வாத்தியாரே, என்று பர்மா பாஷையில் சொன்னார். உங்களிடம் மறைப்பானேன், கேட்க நன்றாக இருந்தது.

இது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் அமீர் அலி வந்து எதிரே உட்கார்ந்தான்.

“இனாயத்து, ஒன்னு சொல்லணும். அந்தப் பையன் மேல கோவப்படாத. தேர்வு ஆட்டத்துக்கும் முந்தியே ஆபீசுக்கு வந்தான். மூணாவது சுத்துல என் பேரு இருக்கான்னு கேட்டான். கோச்சு, எந்த ரிஹான்னு கேட்டாரு. ஒன் நோட்டெல்லாம் பீரோவுல கட்டுன கயிறோட கெடக்குடா. பதினாறு வருசத்துல ஒன்னக்கூடப் பிரிக்கல. பையன் அதப் பாத்துட்டான். மாமாகிட்டச் சொல்லிராதீங்க, அவுக தாங்க மாட்டாகன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதான். அதுக்கப்புறம்தான் தன்லியினுக்குப் போனான்.”

நான் கோபப்படவில்லை. அமீர் அலிக்கும் சேர்த்து லபெயே காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.

நீங்கள் கேட்க வருவது தெரிகிறது. ஆமாம், அப்போது நேரம் இருந்தது. அவனைப் பிடிக்க அவர்கள் போனது திங்கட்கிழமை. நான் மறுபடியும் போய் இன்னொரு வரி எழுதியிருக்கலாம். ஒவ்வொரு வியாழனும் ராத்திரி அவன் தாயிடம் வந்துவிடுகிறான், அரிசி வாங்கிப் போடுகிறான், அவள் மருந்தை எடுத்து வைக்கிறான், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்துதான் போகிறான். அதுவும் உண்மைதான். என் கையெழுத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. சனி மத்தியானம், ஞாயிறு முழு நாள். குமாஸ்தாவின் வீடு இந்தக் கடையிலிருந்து பார்த்தால் தெரியும்.

நான் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து அந்தப் பீரோவையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிரிக்காத அந்த நோட்டுக்கட்டை அவன் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவன் மாதிரி என் சொல் கேட்டு, எல்லோர் முன்னாலும் விழுந்து காட்டியிருக்கிறான். தேர்வு ஆட்டத்தில் நான் நெஞ்சு நிறைந்து நின்றேனே, அப்போது அவன் எனக்குப் பாவம் பார்த்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயதுப் பயல், என் மேல் இரக்கப்பட்டான். தன்லியினுக்குப் போன துரோகத்தைக்கூட மன்னிக்கலாம் தம்பி, அதை மன்னிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை பின்வாசலில்தான் பிடித்தார்கள். இடது பக்கம் திரும்பினானாம். பட்டாளத்திலிருந்து மூன்று தடவை தாய்க்கு அவன் போன் வந்தது. நாலு மாதமாக அதுவும் இல்லை.

சைதாவுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு ஒரு தட்டு டான்பவுக் பிரியாணி கொடுத்தனுப்புகிறாள். அவன் இருந்தால் எவ்வளவு வைப்பாளோ அவ்வளவு. பிறகு வந்து, “காக்கா, ஒங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா, இன்னொரு மனு எழுதிக் குடுங்க” என்கிறாள். எழுதிக் கொடுக்கிறேன். இதுவரை ஒன்பது மனு. உயரம், நிறம், முட்டித் தையல், எதுவும் விடாமல் எழுதுகிறேன். அவனைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

செய்தது நான்தான், தம்பி. காகிதத்தை அக்காவிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம். கிளப் மேல் கோபம் இல்லையா என்கிறீர்கள். எப்படி வரும்? போன வாரமும் தோற்றோம். ரசிகர்களில் பாதிப் பேர் ஜெயிக்கிற பக்கம் தாவிவிட்டார்கள். இந்த சனிக்கிழமையும் நான் போவேன். இந்த வருஷத்து நோட்டை முடித்து அமீர் அலியிடம் கொடுத்தாயிற்று. நம்பினவர்களைப் பாதியில் கைவிடுகிற புத்தி, அல்லாஹ் அறிய, என் ரத்தத்திலேயே கிடையாது.