கரண்டிக்கு முன் ஒரு சொல்

சூப் க்யூபைக் கத்தியால் வெட்டக் கூடாது, டாக்டர். சிதறிவிடும். பாதி பலகையிலேயே ஒட்டிக்கொள்ளும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலேயே நசுக்க வேண்டும். என் மனைவி அப்படித்தான் செய்வாள். நசுக்கி முடித்ததும் கட்டைவிரலை நக்கிக்கொள்வாள். மகள் பக்கத்தில் நின்றால் விரலை அவளிடம் நீட்டுவாள்.

கேட்ட கேள்வியை விட்டுவிட்டுச் சமையல் குறிப்பு சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். என் மகள் ஏன் வாயைத் திறக்க மறுக்கிறாள் என்றுதானே கேட்டீர்கள். அதை இங்கிருந்துதான் சொல்ல முடியும்.

நான் நின்றுகொண்டே பேசுகிறேன். நாற்காலியில் குறை ஒன்றுமில்லை. மனைவி போனதிலிருந்து உட்கார்ந்தால் கால் ஆடத் தொடங்கிவிடுகிறது. எதிரில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு. கதவைச் சாத்திவிடட்டுமா? வராந்தாவில் அக்கா உட்கார்ந்திருக்கிறார். என் மனைவியின் அக்கா.

நான் வேலை பார்ப்பது சூப் க்யூப் செய்யும் கம்பெனியில். வேதியியல் படித்தவன். ருசி பார்க்கும் அறை என் பொறுப்பு. மேசையைத் தடுப்பு வைத்துப் பிரித்திருப்போம். மேலே சிவப்பு விளக்கு. சூப்பின் நிறம் தெரியக் கூடாது என்பதற்காக. ஆளுக்கொரு குவளை தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட். கரண்டி வாய்க்குள் போகும்வரை ருசி பார்ப்பவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அங்கே அதுதான் முதல் விதி.

சேர்ந்த புதிதில் ஒரு பெண்மணியிடம் கிண்ணத்தை நீட்டி, "இது புதுசுங்க" என்று சொல்லிவிட்டேன். எங்கள் மேலாளரை எல்லோரும் மூக்கு சார் என்போம். என்னை வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

"ஏம்ப்பா, படிச்சுட்டுதானே வந்தே? இப்ப அந்தம்மா வாய்க்குள்ள போனது சூப்பு இல்ல. உன் பேச்சு. கொட்டு அதை. கொட்டிட்டு நீயும் கூடவே சாக்கடைக்குப் போ."

சூப்பை மட்டும் கொட்டினேன்.

எங்கள் வீட்டு பாட்டிலில் இருந்த க்யூப்களைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றில் உப்பு இருக்கும். சுவையூட்டி, கொழுப்பு, மாவு, வெங்காயத்தூள் இருக்கும். எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருப்பதுதான். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. முதலிலேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் அவ்வளவு அக்கறையாக எடுத்துக்கொண்டு போனீர்கள், குறுக்கே பேச மனம் வரவில்லை.

என் மனைவி காய்ச்சலில் போனாள். மருத்துவமனைக்கு நடந்துதான் போனாள். திரும்பும்போது அவள் செருப்பு என் பையில் இருந்தது.

மகளை வாலு என்று கூப்பிடுவோம். அலமாரி மேல் ஏறுவாள், வாளிக்குள் இறங்குவாள். அம்மா போன பிறகு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுச் சாப்பாடு, கடைச் சாப்பாடு, எதையும் தொடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் எனக்கே பசி தாங்காமல் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு க்யூபை நசுக்கினேன். வாசனைக்கு எழுந்து வந்தாள். என் கையைப் பிடித்துக் கட்டைவிரலை வாயில் வைத்தாள்.

"அம்மா" என்றாள். பிறகு, "அம்மா இதுக்குள்ளயா இருக்காங்க?"

"ஆமா."

"எப்பவுமா?"

"நீ சாப்பிடறப்ப வருவாங்க."

ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாள். இதில் தவறு சொல்ல எதுவுமில்லை. அந்த நிலைமையில் நீங்களும் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லவர். தையல்காரர். என் மனைவியை வளர்த்தவரே அவர்தான். பிள்ளை இல்லை. பாக்கெட்டில் வந்த எதையும் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார். எலும்பையும் கேரட்டையும் போட்டுக் காலையில் அடுப்பில் ஏற்றினால், தையல் மிஷின் ஓடி ஓயும்வரை சூப் கொதித்துக்கொண்டிருக்கும்.

"பாக்கெட்டைக் கிழிச்சுக் கொட்டறதுக்குப் பேரு சமையலா? உங்க கம்பெனியை இழுத்து மூடினாத்தான் ஜனங்களுக்கு நாக்கு திரும்பும்" என்பார் என்னிடம்.

"விடுடி. அவன் வயித்துல ஏன் மண்ணள்ளிப் போடற" என்பார் சகலை. அவர் பஸ் டிரைவர். சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எனக்குப் பரிந்து பேசுவார்.

வாரக் கடைசியில் வாலுவை அக்கா கூட்டிப் போனார். அந்த நாட்களில் நான் வீட்டுக்குள் நடந்தேன். கேஸை மூடினேனா என்று பார்ப்பேன். திரும்பி வந்து மறுபடி பார்ப்பேன். காய்ந்த துணியை மறுபடி நனைத்துத் துவைப்பேன். ஃபிரிட்ஜைத் திறந்து நிற்பேன், எதை எடுக்க வந்தேன் என்று தெரியாமல் சாத்துவேன்.

அவள் வேறு சோப்பு வாசனையோடு திரும்பி வருவாள். கன்னம் உப்பியிருக்கும். "பெரியம்மா சூப்புல எலும்பு இருக்குப்பா. உறிஞ்சினா சத்தம் வருது" என்று உறிஞ்சிக் காட்டுவாள். மறுபடி அலமாரி மேல் ஏறத் தொடங்கியிருந்தாள். ஒருமுறை அவளை அழைத்துவரப் போனபோது, தூக்கக் கலக்கத்தில் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றாள்.

"பெரியம்மாடா கண்ணு" என்று அக்கா உடனே திருத்தினார். சிரித்துக்கொண்டே திருத்தினார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் அக்கா கேட்டார்: "பள்ளிக்கூடம் திறக்கற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்ப்பா. உனக்கு ஷிப்ட் வேலை. புள்ளை இன்னும் எத்தனை நாளைக்கு அடுத்த வீட்டு வாசல்ல உக்காந்திருப்பா?"

நியாயமான பேச்சு. சரி, யோசிக்கிறேன் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் வாலுவே கேட்டாள்.

"அப்பா, நான் பெரியம்மா வீட்டுலயே இருக்கட்டா? நீ ஞாயித்துக்கிழமை வா."

முதலில் சாப்பிடு என்றேன். க்யூபை நசுக்கினேன். அவள் என் விரலை நக்கினாள். சூப்பை ஆற்றி, ஒரு கரண்டி அள்ளி அவள் வாய்க்கு முன்னால் பிடித்தேன். வாயைத் திறந்தாள். நான் கரண்டியை உடனே கொடுக்கவில்லை.

"வாலு, வேற வீட்டுல சாப்பிட்டா அம்மா நம்மள விட்டுப் போயிடுவாங்க."

பிறகு கொடுத்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். அடுத்த கரண்டிக்கு முன், "இதை யார்கிட்ட சொன்னாலும் போயிடுவாங்க" என்றேன்.

நான் செய்தது இவ்வளவுதான். அதட்டவில்லை. கை ஓங்கியதே இல்லை. அக்கா கேட்டபடி அவளைக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். பையில் அவள் துணிகளை மடித்து வைத்தேன்.

அங்கே அவள் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள். வேலை முடிந்து நான் ஃபிளாஸ்கில் சூப் கொண்டுபோவேன். காதோடு கேட்பாள்: "இது நம்ம வீட்டுதுதானே?" ஆமாம் என்றால், ஃபிளாஸ்க் காலியாகும்வரை குடிப்பாள். அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்னதான்ப்பா போடற இதுல?"

"எங்க க்யூப்தான்க்கா."

பாக்கெட்டையே வீட்டுக்குள் விடாத மனுஷி மறுநாள் என் முன்னால் கையை நீட்டினார். "அதுல கொஞ்சம் குடு." கொடுத்தேன். அதே க்யூப், அதே அளவு தண்ணீர். தன் தங்கை நசுக்குவது போலவே பாத்திரத்துக்கு மேல் வைத்து நசுக்கினார். கிண்ணத்தை எடுத்து வந்து வாலு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

வாலு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் கை மேல் ஓடியது. விரலிடுக்கில் எச்சில் வழிந்தது. சுவையூட்டி அதன் வேலையைச் சரியாகச் செய்தது. எங்கள் சரக்கில் அந்தக் குறை எப்போதும் இருந்ததில்லை.

"என் கையிலதான் ஏதோ இருக்கு" என்றார் அக்கா. "என் தங்கச்சிக்கும் இந்தக் கையாலதான் ஆக்கிப் போட்டேன். அவளும் போயிட்டா."

நான் ஃபிளாஸ்கைக் கழுவப் போனேன்.

அந்தச் சமயம் கம்பெனி என்னை வேறொரு ஊர் ஆலைக்கு அனுப்பியது. விடுப்பு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். மூக்கு சாரே, "புள்ளைய விட்டுட்டு எப்படிப் போவே?" என்று கேட்டார். பெரியம்மா இருக்கிறார் என்றேன். போனேன். அங்கே கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அக்கா பெயர். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஒரு நாள் பொறுத்தால் அவர்களுக்கே விஷயம் தெளிவாகிவிடும் என்று தோன்றியது. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். அன்றைக்கு அந்த ஆலை முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது அவள் கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயே வச்சுக்கப்பா. என் கை ராசியில்லாத கை."

அதற்குப் பிறகு அவர் அடுப்பு பற்றவைக்கவில்லை என்று சகலை சொன்னார். சகலைக்குச் சாப்பாடு டிப்போ கேன்டீனில் என்று ஆனது. "வீட்டுல அடுப்பு மேல துணி மடிச்சு வச்சிருக்காடா. கேட்டா அழறா" என்றார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

வாலுவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி பார்த்துக்கொண்டார். சாப்பாடு மட்டும் என் கையால். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். சாப்பிட்டாள். பிறகு அரைக் கிண்ணம் குடித்துவிட்டுப் போதும் என்றாள். பிறகு ஒரு கரண்டி. சாப்பிடும்போது அவள் கண் அலமாரியில் இருக்கும் கண்ணாடி பாட்டிலின் மேலேயே இருக்கும். க்யூப் எல்லாம் அதில்தான். எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு வைப்பாள்.

ஒரு காலை, அவள் கட்டிலில் எறும்பு. தட்டிவிட்டேன். மறுபடி வந்தது. எங்கிருந்து என்று பார்த்தால் தலையணை உறைக்குள் க்யூப்கள். காகிதம் பிரிக்காமல், வரிசையாக.

"ஏண்டா கண்ணு?"

"நான் சாப்பிட்டா அம்மா கரைஞ்சிடறாங்க. பாட்டில்ல கொஞ்சம்தான் இருக்காங்க."

அன்றோடு நிறுத்திவிட்டாள். நான் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி நிறைய எடுத்து வந்து அவள் முன்னால் கொட்டிக் காட்டினேன். தீராது, எத்தனை வேண்டுமானாலும் வரும் என்றேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இவங்கெல்லாம் யாரோட அம்மா?" என்று கேட்டாள்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அவள் வயிற்றிலும் தொண்டையிலும் கோளாறு எதுவும் இல்லை. தேடி அலைய வேண்டாம்.

அக்கா மடியில் ஒரு தூக்குச்சட்டி வைத்திருக்கிறார், வரும்போது கவனித்தீர்களா? மறுபடி அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். கதவைத் தாண்டி வாசனை வருகிறது. எலும்பு, கேரட், கொஞ்சம் மிளகு. நல்ல சூப். ருசி பார்ப்பது என் தொழில். இதில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

வாலுவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்கிறீர்கள். சரிதான். நீங்கள் சொன்னால் நம்ப மாட்டாள். அக்கா சொன்னாலும் நம்ப மாட்டாள். நான்தான் சொல்ல வேண்டும், கரண்டி வாய்க்குப் போவதற்கு முன்னால். ஒரே ஒரு வாக்கியம். அது என்னவென்று எனக்குத் தெரியும். இந்தச் சுவருக்கும் அந்த ஜன்னலுக்கும் நடந்தபடி அதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். படிக்கட்டு வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். நான் தயங்குவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், டாக்டர். அவள்மேல் எனக்கு இருக்கிற பாசம் உங்களில் யாருக்கும் இருக்க முடியாது. அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால், அவள் யார் வீட்டில் வேண்டுமானாலும் சாப்பிடுவாள்.