சாய்ந்து உறைந்த கூழ்

ஆய்வாளர் அவர்களே, இதை நானே எழுதித் தருகிறேன். தங்கள் எழுத்தர் எழுதிய தாளின் முதல் வரியிலேயே மூன்று பிழைகள்; அதில் கையொப்பமிட என்னால் இயலாது.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின், அரக்கோணம் சாலை ஐஸ் தொழிற்சாலையில் மேலாளராக இருந்தேன். எந்திர அறையைக் கவனித்தவன் கங்காதரன். அவன் மகள் அனிதா என் பழைய மாணவி. தமிழில் முப்பத்தாறு மதிப்பெண் பெற்ற அவள், சென்னையில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாளாம்.

இவ்வாண்டு, 2007 ஆனி மாதத்தில், திறந்த கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே செம்பு கலந்த வெளிர்நீலக் கூழ், சரிவாக உறைந்திருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, மீண்டும் அதே இடத்தில் சேர்த்து வைத்தாள். சற்று நேரத்தில் வடுவின்றி ஒன்றாயிற்று.

“ஐஸ் மெஷின்லேர்ந்து அமோனியா வாயு கசிஞ்சி பட்டா இது கரைஞ்சி கருநீலமாயிடும் சார், சரிவு மட்டமாயிடும். வெளிக்காத்துல வச்சா மறுபடி உறைஞ்சிடும். நைனாவுக்கு மூக்கு பழகிப் போச்சி, வாசனையே தெரியல. இதுக்குத் தெரியும்.”

என் அறையில், எனக்கே பாடம். போகட்டும் என்று எந்திர அறையில் வைக்க அனுமதித்தேன்.

ஆடிக் கிருத்திகையன்று காலை ஏழு மணி. காவடிகள் மலையேறிக்கொண்டிருந்தன, தண்ணீர்ப் பந்தல்கள் அனைத்தும் எங்கள் ஐஸுக்குக் காத்திருந்தன. கங்காதரன் புட்டியோடு வந்தான்.

“ஐயா, கூழு கரைஞ்சிகினு கீதுங்க. மெஷினை நிறுத்திடலாமா?”

“ஊரே மோருக்கு நிக்குது. உன் பொண்ணு புட்டிக்கு முன்னால நான் கைகட்டி நிக்கணுமா? போய் டீ குடிச்சிட்டு வா.”

புட்டியை வேப்பமரத்தடிக்கு எடுத்துச் சென்றேன். பழைய சரிவிலேயே உறையட்டுமென்று, சாய்த்து, அடியில் ஒரு கல்லை வைத்தேன். ஒரு மணி நேரத்தில் வெளிர்நீலம் திரும்பியது, சரிவும் முன்போலவே இருந்தது. டீ குடித்து வந்தவனிடம் காட்டினேன்.

“பாத்தியா? ஒண்ணுமே ஆகல.”

“ஆங், சரிங்க ஐயா. சின்னப் பொண்ணு, ஏதோ சொல்லிட்டா.” மகளுக்காக வெட்கப்பட்டுச் சிரித்தபடியே உள்ளே போனான்.

எட்டேகாலுக்கு அமோனியாக் குழாய் பிளந்தது. கதவுவரை அவன் தவழ்ந்து வந்து உயிர்விட்டிருந்ததாகத் தாங்கள்தாம் சொன்னீர்கள்.

தங்கள் தாளில் ‘புட்டி பழுதுபட்டிருந்தது’ என்றுள்ளது. அதையும் திருத்திக்கொள்க. அவள் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை என்பது, கல்லை வைத்தபோதே எனக்குத் தெரியும். முப்பத்தாறு மதிப்பெண் பெற்றவளிடம் அதை ஒப்புக்கொள்ள எந்த ஆசிரியரால் இயலும்?