கொடியில் பன்னிரண்டு சட்டை

இல்லைங்க ஐயா, நான் விக்கலை. பன்னெண்டு பட்டாளத்துச் சட்டையை இந்தக் காட்டுல யாருக்கு விப்பேன், மானுக்கா? உக்காருங்க, டீ குடிங்க. சட்டை எங்கன்னு கண்டிப்பா சொல்றேன். ஆனா வரிசையாச் சொன்னாத்தான் எனக்கு வரும்.

போன வருசம் மாவோயிஸ்ட்டுங்க பாலத்தைத் தகர்க்கப் போறாங்க, காவலுக்குக் கிளம்புங்கன்னு உத்தரவு வந்துச்சில்ல, உங்க ஆளுங்க ஒரு மணி நேரத்துல லாரி ஏறிட்டாங்க. துவைச்ச சட்டை ஈரமாக் கொடியில தொங்குது. அதையும் விட்டுட்டாங்க, என்னையும் விட்டுட்டாங்க. நான் யாரு? சரணாலயத்துக் காவலாள், சோம்லால் மஹதோ. கையில ஒரு தடி. அதுலயும் பாதியைக் கறையான் தின்னுருச்சு.

மறுநா காலையில ரப்தி ஆத்துக்கு அக்கரையில ரெண்டு பேர் வந்து நிக்கறானுங்க. கொம்பு வெட்டுற கும்பலுக்கு வேவு பார்க்கறவனுங்க. எப்பவும் நம்ம கொடியைப் பார்த்துத்தான் ஆளை எண்ணுவானுங்க. எண்ணுனானுங்க, பன்னெண்டு. திரும்பிப் போயிட்டானுங்க. அட, நம்மளவிடச் சட்டை நல்லா வேலை பார்க்குதேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு.

அன்னிலேருந்து தினம் சட்டை துவைக்கறதுதான் வேலை. நனைச்சு, புழிஞ்சு, இடத்தை மாத்தி மாத்திப் போடுவேன். காலையில நானே பேர் கூப்பிடுவேன், நானே உள்ளேன் ஐயாம்பேன், பன்னெண்டு குரல்ல. லேட்டா வந்தவனைத் திட்டறதும் உண்டு. நத்தைக் குழம்பு கொண்டாந்த என் பொண்டாட்டி ஃபூல்மதி அதைப் பார்த்துட்டு, நேராப் போய் மந்திரிக்கிறவரைக் கூட்டிட்டு வந்துட்டா.

எல்லாம் மாமியாருக்காகத்தான். அட, காண்டாமிருகம்ங்க! சொல்லாம வரும், இருக்கறதைத் தின்னும், போன்னா முறைக்கும். வேற என்ன பேரு வைக்கறது? ஃபூல்மதி ரெண்டு நாள் என்கூடப் பேசலை. அதுக்கு ஒரு குட்டி வேற, வால் மாதிரி பின்னாடியே வரும்.

அப்புறம் வந்தாங்க மாவோயிஸ்ட்டுங்க, நாப்பது பேர். முகாமைச் சுத்தி வளைச்சு, சரணடைங்கடான்னு சட்டையைப் பார்த்துக் கத்துறாங்க. சட்டை எப்படிங்க சரணடையும்? நான் மட்டும் கையைத் தூக்கிட்டு வந்தேன். மத்தவனுங்க எங்கடான்னான் ஒருத்தன். காயுறாங்கன்னேன். அவங்க தலைவி ஒரு சின்னப் பொண்ணு, சிரிச்சுட்டா. சிரிச்சு முடிச்சுட்டு, இனி ஒரு சட்டை தொங்குனாலும் சுட்டுட்டுத்தான் யாருன்னு பார்ப்போம்னு சொல்லிட்டுப் போனா.

பொய் சொல்லக் கூடாது, பயந்துட்டேன் ஐயா. கொடியிலேருந்து பன்னெண்டையும் எடுத்து, மடிச்சு உள்ள வச்சேன்.

மூணாம் நாள் புல்லுக்காட்டுல ரெண்டு வெடிச் சத்தம். நான் தடியைத் தூக்கிட்டு ஓடுறதுக்குள்ள கொம்பை வெட்டிட்டுப் போயிட்டானுங்க. மாமியார் கிடக்கு. குட்டி அதுகிட்ட பால் குடிக்கப் பார்க்குது. அங்கேயே உக்காந்து அழுதேன், என் சொந்த மாமியாருக்குக்கூட அப்படி அழுததில்லை.

ஆங், சட்டை. அதுக்குத்தானே வந்தீங்க. வாங்க, அடுப்படிக்குப் பின்னாடி. மெதுவா, குட்டிக்கு நான்தான் எருமைப்பால் ஊட்டறேன், காக்கி பச்சை எதைப் பார்த்தாலும் பால்னு ஓடியாந்து முட்டும். இந்தப் பனியில குட்டி நடுங்குச்சுங்க. ஃபூல்மதிதான் பன்னெண்டையும் ஒண்ணாத் தைச்சுப் போர்த்திவிட்டா. பட்டன்கூடக் குறையலை, எண்ணிக்கோங்க. திரும்ப வேணும்னா நீங்களே எடுத்துக்கோங்க ஐயா. நான் எடுக்க மாட்டேன். ஒரு தடவை எடுத்துட்டேன்.