மார்ச் பதினைந்து வரைக்கும்

எங்கள் சமையலறை நாள்காட்டி விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. மாதத்துக்கு ஒரு டிராக்டர் படம். மார்ச் மாத டிராக்டர் பச்சை. அந்த மாதத்தில் பதினைந்தாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டது நான் இல்லை, என் மாமனார் வெர்லின் கோசெல். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

நெப்ராஸ்காவில், எங்கள் பக்கம், உயிரோடிருக்கும்போது யாரும் நிலத்தை விற்பதில்லை. வெர்லின் ஏக்கர் அறுநூறு டாலருக்கு வாங்கியது இன்று பதினோராயிரம். விற்றால் ஏறிய விலைக்கு வரி. உரிமையாளர் இறந்துவிட்டால், இறந்த நாளின் விலையையே வாங்கிய விலையாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏறியது கணக்கிலிருந்தே காணாமல் போகும். அதனால் அடக்கம் முடிந்த பிறகுதான் நிலம் கைமாறும். இதை யாரும் மறைத்துப் பேசுவதில்லை.

வெர்லினுக்கு எழுபத்திரண்டு வயது. சாகும் உத்தேசம் இல்லை. கோழிப் பண்ணைக்காரர்கள் நல்ல விலைக்கு நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் என் மனைவி ஜோலீனுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவருடைய ஒரே மகள். வயது முப்பத்தொன்று.

அவர் நிலம் முழுவதையும் அவள் பெயருக்கு எழுதினார். தான் இறந்தால் அது அப்பாவுக்கே திரும்ப வேண்டும் என்று அவள் உயில் எழுதினாள். அவள் இறந்த நாளின் விலையோடு திரும்பி வரும், அவர் வரியில்லாமல் விற்கலாம். வக்கீல் டிட்மர் முத்திரையோடு ஆஸ்பத்திரி அறைக்கே வந்தார். அன்று மார்ச் பதினான்கு.

"கடைசில எனக்கும் பண்ணையில ஒரு வேலை குடுத்துட்டீங்களேப்பா," என்றாள் ஜோலீன். எல்லோரும் சிரித்தோம்.

"ஒண்ணு மட்டும்," என்றார் டிட்மர். "குடுத்தவருக்கே நிலம் திரும்புதுன்னா, இன்னிலேருந்து ஒரு வருஷம் முழுசா இவங்க இருக்கணும். இல்லைன்னா வரிச் சலுகை கிடையாது."

"கோசெல் ரத்தம்யா. தாங்கும். என்ன வாத்தியாரே?" என்றார் வெர்லின். நான் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். என் பெயர் கர்ட். அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

உயிலில் இன்னொரு வரி இருந்தது. ஜோலீன் இறந்த பின் வெர்லின் ஐந்து நாள் முழுதாக உயிரோடிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலம் எனக்கு. இரண்டு பேரும் ஒரே கார் விபத்தில் போனால் குழப்பம் வராமலிருக்க எல்லா உயிலிலும் போடுவதுதான் என்றார் டிட்மர். வெர்லின் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் திருப்பினார். நான் படித்தேன். அது என் பழக்கம்.

நவம்பரில் ஜோலீன், "போதும் கர்ட், என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு," என்றாள். டிசம்பரில் பேச்சு குழறியது. அதற்குப் பின் அவளுக்காகக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் இறக்க டாக்டர்கள் சம்மதம் கேட்டார்கள். வெர்லின் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"மார்ச் பதினஞ்சு வரைக்கும் இழுத்துப் பிடி. அப்புறம் அவ இஷ்டம். மேற்கால எண்பது ஏக்கர் உனக்கு."

நான் கையெழுத்துப் போட்டேன். எண்பது ஏக்கருக்காக அல்ல. நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா. பிப்ரவரிக்குள் நான்கு முறை போட்டேன். அவள் குழாயைப் பிடுங்கியதால் மணிக்கட்டுகளைத் துணிப்பட்டையால் கட்டினார்கள். ஒருநாள் இடது பட்டை தளர்ந்திருந்தது. வெர்லின் அதை அவிழ்த்து, கன்றுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சாகப் போட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை. அதை நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன்.

மார்ச் பதினேழு, மாலை ஆறு ஐம்பதுக்கு இறந்தாள். இருபதாம் தேதி அடக்கம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச், உருளைக்கிழங்கு சாலட். வெர்லின் என் தோளில் கை வைத்தார்.

"ரெண்டு நாள் கூடவே குடுத்துட்டுப் போயிருக்கா. நல்ல பொண்ணு."

பாராட்டாகத்தான் சொன்னார். அது எனக்குப் புரிந்தது.

இருபத்திரண்டாம் தேதி மதியம் அவருடைய கொட்டகைக்குப் போனேன். எந்தத் திட்டமும் இல்லை. சோளம் விதைக்கும் எந்திரத்துக்கு அடியில் படுத்து மசகு போட்டுக்கொண்டிருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வேலிக் கம்பம் அடிக்கிற சம்மட்டி சுவரில் சாய்ந்திருந்தது.

"யாரு, வாத்தியாரா? அந்தத் துணியை எடு."

முதலில் முழங்கால்கள். இரண்டும். எலும்பின் சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னது. கைகளை ஊன்றி வெளியே வந்தார். அப்போது கைகளையும் உடைத்தேன். பிறகு ஜோலீனின் துணிப்பட்டைகளால் மணிக்கட்டுகளை எந்திரத்தோடு சேர்த்துக் கட்டினேன். அவை என் சட்டைப் பையில் இருந்தன. அவர் முடிச்சையே போட்டேன். சரியாக வரவில்லை, இரண்டாம் முறை வந்தது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுறா. நிலம்தானே வேணும்? எல்லாத்தையும் எடுத்துக்கோ."

"நிலத்துக்காக வரலை," என்றேன். அது உண்மை.

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் ஜோலீனைக் கூப்பிட்டார், தண்ணீர் கேட்டார். பின்பு ஒன்றும் கேட்கவில்லை. அவள் எப்படிக் கிடந்தாளோ அப்படி அவர் கிடக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் எண்ணம். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி என்றுதான் உட்கார்ந்தேன்.

நான்கு மணிக்கும் மூச்சு இருந்தது. பலமான மனிதர். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எழுந்து சம்மட்டியை எடுத்தேன். இந்த முறை தலையில், மூன்று அடி. தொப்பியை முதலில் கழற்றி வைத்தேன்.

அவரைக் கொன்றது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. ஜோலீனுக்காகச் செய்தேன், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நேரத்தையும் சரியாக எழுதுங்கள். நான்கு பத்து. ஐந்து நாள் முடிய இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிடம் இருந்தது.