காப்பிச் சக்கை கேட்டு வந்தவன்

அம்பத்தூரில் மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு நின்றார்கள். இளையவர்தான் ஆரம்பித்தார்.

“எதிர் ஊட்டுப் பையன் பேக்டரி உட்டு வந்ததும் தெனம் எங்க ஊட்ல காப்பிச் சக்கை கேக்கறான்க்கா.”

“அத்த வெச்சிகினு இன்னா பண்றான்?”

“காயவெச்சு, புளியங்கொட்டைப் பசையில பெசைஞ்சு, டப்பாவுல அமுக்கி பேனா ஸ்டாண்டு பண்றான்.”

“உங்க ஊட்ல டீதானே குடிப்பீங்க?”

“அவன் கேட்ட மறுநாளே எம்பொண்ணு பில்டர் வாங்கியாந்துட்டா. இப்ப மூணு வேளையும் காப்பிதான்.”

அக்கா சிரித்தார். “ஸ்டாண்டு உனக்கு ஒண்ணு குடுத்தானா?”

“நேத்து எடுத்தாந்தான். கூடவே அவங்கம்மாவும் வந்தாங்க, பொண்ணு கேட்டு.”

“நீ இன்னா சொன்னே?”

“நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவ உள்ள போயி பால அடுப்புல வெச்சிட்டா.”